நோவுக் குளிசை ஒவ்வாமை: எந்த இரத்தப் பரிசோதனையைச் செய்வது?

வாசகர் கேள்வி

எனக்கு வயது 46. கொக்குவிலில் வசிக்கிறேன். கடந்த தை மாதம் கடைவாய்ப் பல் நோவு தாங்காமல் பாமசியில் சொல்லி வாங்கிய ஒரு குளிசையையும் ஒரு கப்சூலையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இரண்டு கண்மடல்களும் உதடும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கத் தொடங்கிவிட்டது. மூச்சு முட்டவில்லை. வைத்தியசாலையில் ஊசி போட்டு, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். குளிசை தந்த உறையில் பெயர் எழுதப்படவில்லை; திரும்பப் போய்க் கேட்டபோது ஒன்று டிக்ளோபினாக், மற்றது அமொக்சிசிலின் என்றார்கள். பிறகு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ‘அலர்ஜி பனல்’ செய்வித்தேன். மொத்த ஐ.ஜி.ஈ. 412 என்றும், தூசுச் சிற்றுண்ணி, கரப்பான் பூச்சி, இறால் ஆகிய மூன்றும் ‘பொசிட்டிவ்’ என்றும் வந்தது. நோவுக் குளிசை பற்றி அதில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து இறால் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். மருந்து ஒவ்வாமையை அங்கே இரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். நான் எந்தப் பரிசோதனையைச் செய்விக்க வேண்டும்? இரத்தத்தைக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ அனுப்ப வேண்டுமா? அந்தப் பல்லைப் பிடுங்கவேண்டியும் இருக்கிறது. இப்போது பனடோல் போடவும் பயமாக உள்ளது. முன்பெல்லாம் காய்ச்சலுக்கு ஒரு பனடோல் போட்டு ஒன்றும் செய்ததில்லை. என் மகளுக்கும் இது வருமா? இன்னொன்று: இரண்டு வருடங்களுக்கு முன் மாதவிடாய் நோவுக்கு மெபெனமிக் அசிட் போட்ட அன்றும் கண்மடல் வீங்கியது. மத்தியானம் சாப்பிட்ட கணவாய்தான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பின் பல தடவை கணவாய் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை.

வைத்தியரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தேடுகிற இரத்தப் பரிசோதனை யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, உங்கள் தம்பி இருக்கும் கனடாவிலும் இல்லை. டிக்ளோபினாக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்ற நோவுக் குளிசைகள் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை ஒரு குழாய் இரத்தத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடிய, நடைமுறைச் சிகிச்சைக்கு ஏற்றதென ஒப்புக்கொள்ளப்பட்ட பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. ஆகவே அதற்கென மேலும் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல நீங்கள் எழுதியிருக்கும் மெபெனமிக் அசிட் சங்கதி, அந்த அறிக்கை முழுவதையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது. அதற்கு வருமுன், கையில் உள்ள அறிக்கையைப் பார்த்துவிடுவோம்.

மொத்த ஐ.ஜி.ஈ. என்பது இரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு மட்டுமே. தூசுச் சிற்றுண்ணி ஒவ்வாமை, தொய்வு (ஆஸ்துமா), தோல் கரப்பன், குடற்புழு என்று எத்தனையோ காரணங்களால் அது உயரும். 412 என்ற எண்ணிலிருந்து எந்த மருந்தைப் பற்றியும் எதையும் ஊகிக்க முடியாது. அந்த எண் 40 ஆக இருந்திருந்தாலும் டிக்ளோபினாக் உங்களுக்குப் பாதுகாப்பானது என்று ஆகியிருக்காது. மற்ற மூன்று ‘பொசிட்டிவ்’களும் உண்மையில் ஒரே கதையின் மூன்று பக்கங்களாக இருக்கலாம். சிற்றுண்ணி, கரப்பான், இறால் ஆகிய மூன்றின் தசைகளிலும் டிரொபோமயோசின் என்ற ஏறக்குறைய ஒரே அமைப்புடைய புரதம் உண்டு. வீட்டுத் தூசுக்கு எதிராக உருவான ஐ.ஜி.ஈ., ஆய்வுகூடத்தில் இறாலின் புரதத்தைக் கண்டாலும் அதைப் பற்றிக்கொள்ளும். சிறு வயது முதல் இறால் சாப்பிட்டு ஒரு தடிப்புக்கூட வராத ஒருவருக்கு அறிக்கையில் இறால் ‘பொசிட்டிவ்’ என்று வருவது அதனால்தான். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. இருப்பது வேறு, சாப்பிட்டால் உடம்பு எதிர்வினை காட்டுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் நீண்ட பட்டியல்களை விற்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல; அவற்றை நம்பி மீனையும் முட்டையையும் பாலையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி மெலிந்துபோன பிள்ளைகளைப் பார்க்க நேர்கிறது.

இறால் பற்றி ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: தை மாதத்து அந்த இரவுச் சாப்பாட்டில் இறாலோ நண்டோ இருந்ததா? இலேசான உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் வெறுமனே சாப்பிடும்போது ஒன்றும் செய்யாமல், அதே உணவோடு நோவுக் குளிசையும் சேர்ந்தால் மட்டும் தடித்து வீங்குவது உண்டு. குளிசை அங்கே துணைக் காரணியாகிறது. கோதுமை உணவிலும் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. அன்றிரவு வெறும் இடியப்பமும் சொதியும்தான் என்றால் இறாலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். இறால் இருந்திருந்தால், அடுத்த முறை வைத்தியரைச் சந்திக்கும்வரை அதைத் தவிர்த்து, அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி, நோவுக் குளிசைக்கு மட்டும் ஏன் இரத்தப் பரிசோதனை இல்லை என்பதற்கு வருகிறேன். பெனிசிலின் ஒவ்வாமை போன்றவற்றில் உடம்பு அந்த மருந்துக்கென்றே ஐ.ஜி.ஈ.யை உருவாக்குகிறது, எனவே அதைத் தேடிப் பார்க்கலாம். நோவுக் குளிசைகளுக்கு வரும் எதிர்வினைகளில் பெரும்பாலானவற்றில் அப்படிப்பட்ட ஐ.ஜி.ஈ. உருவாவதே இல்லை. இந்தக் குளிசைகள் நோவையும் வீக்கத்தையும் குறைப்பது, சைக்ளோஒக்சிஜினேஸ் என்ற நொதியத்தை மறித்துப் புரொஸ்டகிளாண்டின்கள் என்ற இரசாயனங்கள் உருவாவதைத் தடுப்பதன் மூலமே என்பதைப் பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் 1971இல் காட்டினார். பின்னர், 1982இல், நோபல் பரிசும் பெற்றார். அதே செயலே சிலருக்குத் தீங்காகவும் முடிகிறது என்ற விளக்கத்தை போலந்து நாட்டு வைத்தியர் அந்திரே ஷெக்லிக் 1975இல் முன்வைத்தார். தோட்டத்து வாய்க்காலில் ஒரு கிளையை மண் போட்டு மறித்தால் மற்றக் கிளையில் தண்ணீர் பெருகுவதுபோல, புரொஸ்டகிளாண்டின் பாதை அடைபட, லியூக்கோட்ரையீன் என்ற இரசாயனங்கள் பெருகுகின்றன. ஒவ்வாமை இரசாயனங்களைத் தம்முள் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் கலங்களை அடக்கி வைத்திருந்த புரொஸ்டகிளாண்டின் ஈ2 குறைவதால் அவையும் தம்மிடமுள்ள ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. கண்மடல் வீங்குவதும் தோல் தடிப்பதும், தொய்வு உள்ளவர்களுக்கு இழுப்பு வருவதும் இதனால்தான். மருந்து தன் வழக்கமான வேலையைச் செய்ததன் விளைவே இது என்பதால், தேடிப் பிடிக்க இரத்தத்தில் ஓர் அடையாளம் இல்லை.

இந்த விளக்கத்திலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு முடிவு வருகிறது. நொதியம் மறிபடுவதுதான் காரணம் என்றால், அதை வலுவாக மறிக்கும் எந்த வழக்கமான நோவுக் குளிசையும், வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமாக இருந்தாலும், அதே எதிர்வினையைத் தரும். மாறாக, ஒரேயொரு மருந்துக்கும் அதன் நெருங்கிய உறவு மருந்துக்கும் மட்டும் எதிர்வினை வருகிறவர்களும் உண்டு. அவர்களில் காரணம் உண்மையான ஒவ்வாமையாக இருக்கக்கூடும், மற்றக் குடும்பத்து மருந்துகள் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். டிக்ளோபினாக் ஒரு குடும்பம். மெபெனமிக் அசிட் வேறொரு குடும்பம். இரண்டுக்கும் உங்களுக்குக் கண்மடல் வீங்கியிருக்கிறது. கணவாயைப் பிறகு பல தடவை சாப்பிட்டும் ஒன்றும் செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தப் பழி கணவாய்க்கு ஒட்டாது. ஆகவே நீங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவர். இபுபுரோபன், நப்ரொக்சென், அஸ்பிரின் ஆகியவற்றை இதுவரை போட்டதில்லை என்றாலும் அவற்றையும் தவிர்க்கவேண்டியவர் என்றே நான் கருதுகிறேன்.

தம்பி சொன்னதில் முழுப் பிழையும் இல்லை. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு ஐ.ஜி.ஈ. பரிசோதனை இருப்பது உண்மை. அத்துடன் சில வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் பேசோபில் தூண்டல் பரிசோதனை என்ற ஒன்றும் செய்யப்படுகிறது. நோயாளியின் புதிய இரத்தத்தோடு சந்தேகத்துக்குரிய மருந்தைச் சேர்த்து, பேசோபில் என்ற வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் சிடி63 என்ற அடையாளம் தோன்றுகிறதா என்று விசேட கருவியால் எண்ணிப் பார்ப்பார்கள். அதே முறையில் கலங்கள் வெளிவிடும் லியூக்கோட்ரையீனை அளக்கும் பரிசோதனையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நோவுக் குளிசைகளில் இவற்றின் பெறுபேறு ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டிருக்கிறது: எதிர்வினை உறுதியானவர்களில் பலருக்கு ‘நெகட்டிவ்’ என்று வருகிறது, மருந்தின் செறிவைக் கூட்டினால், ஒரு தொல்லையும் இல்லாதவர்களின் கலங்களும் தூண்டப்படுகின்றன. மேலும், கலங்கள் உயிரோடு இருக்கவேண்டிய பரிசோதனை இது. இரத்தம் எடுத்து அதிகம் போனால் ஒரு நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தத்தைப் பெட்டியில் வைத்து இந்தியாவுக்கு அனுப்பி வரும் பெறுபேற்றை நம்பி ஒரு குளிசையைப் போடவோ விடவோ நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உண்மையில் பயன்படக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கான நேரம் தை மாதத்து அந்த இரவோடு போய்விட்டது. டிரிப்டேஸ் என்பது மாஸ்ட் கலங்கள் தம்மிடமுள்ளதைக் கொட்டும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு நொதியம். எதிர்வினை தொடங்கி ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள், பிந்தினாலும் நான்கு மணித்தியாலத்துக்குள், இரத்தம் எடுக்க வேண்டும். பிறகு எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழிந்தபின் இரண்டாவது தடவை எடுத்து ஒப்பிட வேண்டும். அடங்கிய நிலையில் உள்ள அளவை 1.2ஆல் பெருக்கி 2ஐக் கூட்டினால் வரும் எண்ணை முதல் அளவு எட்டினால், மாஸ்ட் கலங்கள் கொட்டியிருக்கின்றன என்று கொள்ளலாம். ஒருவருக்கு வழக்கமான அளவு 5 என்றால் அவருக்கான எல்லை 8. அன்றிரவு 9 இருந்திருந்தால், ஆய்வுகூடம் 11.4 வரை இயல்பு என்று அச்சிட்டுத் தந்தாலும், அது அவருக்கு உயர்வுதான். இரண்டாவது மாதிரியை எடுக்காமல் முதலாவதை மட்டும் பார்த்து ‘நோர்மல்’ என்று மூடிவைக்கப்படும் அறிக்கைகள் ஏராளம். ஆனாலும் டிரிப்டேஸ் சொல்வது ‘என்ன நடந்தது’ என்பதை மட்டுமே. ‘எதனால்’ என்பதை அது சொல்லாது. தோலோடு நின்றுவிட்ட உங்களுடையது போன்ற எதிர்வினையில் அது உயராமலும் இருந்திருக்கலாம். ஆகவே அன்று எடுக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன, பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமொக்சிசிலினை நான் அப்படிக் கடக்க முடியாது. முந்தைய மெபெனமிக் அசிட் சம்பவம் டிக்ளோபினாக்கின் பக்கம் விரலை நீட்டுகிறது என்றாலும், அதே வாய்த் தண்ணீரோடு விழுங்கிய கப்சூல் நிரபராதி என்று அது நிரூபிப்பதில்லை. இங்கேதான் ஐ.ஜி.ஈ. பரிசோதனைக்கு ஓரளவு இடமுண்டு. அமொக்சிசிலினுக்கான ஐ.ஜி.ஈ. தெளிவாக உயர்ந்திருந்தால் அது கவனிக்கத்தக்கது; ஆனால் காலம் போகப் போக அது குறைந்துவிடும் என்பதாலும், ஒவ்வாமை உள்ளவர்களிலேயே பலருக்கு அது தென்படாது என்பதாலும், ‘நெகட்டிவ்’ என்று வந்தால் ஒன்றும் தீர்ந்துவிடாது. தோல் பரிசோதனையும், தேவைப்பட்டால் கண்காணிப்பில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டிவரும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு இத்தகைய விடயங்களைக் கவனிக்கிறது. போதனா வைத்தியசாலையின் பொது வைத்திய நிபுணரிடம் காட்டி அவருடைய கடிதத்தோடு போவதே முறையான வழி. தோல் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால், பிரிட்டன் (Piriton) போன்ற ஒவ்வாமைக் குளிசைகளை எத்தனை நாளைக்கு முன் நிறுத்துவது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அவை தோல் பரிசோதனையின் பெறுபேற்றை மறைத்துவிடும், இரத்தப் பரிசோதனையை மாற்றமாட்டா. இது முடியும்வரை பெனிசிலின் வகை மருந்துகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நோவுக் குளிசை விடயத்தில் இறுதித் தீர்ப்பைத் தரக்கூடியது ஒன்றுதான்: வைத்தியசாலை விடுதியில், அட்ரினலினும் ஒட்சிசனும் பக்கத்தில் இருக்க, மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, மணிக்கணக்கில் அவதானிப்பது. எதிர்வினைக்குப் பின் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் கழிந்தே இதைச் செய்வார்கள். தோல் உரிந்து கொப்புளிக்கும் கடுமையான எதிர்வினை வந்தவர்களுக்கும், தொய்வு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் செய்யமாட்டார்கள். உங்களைப் பொறுத்தவரை டிக்ளோபினாக்கையே மீண்டும் கொடுத்துப் பார்க்கும் தேவை இல்லை. எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்வதுதான் தேவை. சைக்ளோஒக்சிஜினேஸ் நொதியத்தில் கொக்ஸ்-2 என்ற வகையை மட்டும் தெரிந்து மறிக்கும் செலக்கொக்சிப், எட்டோரிகொக்சிப் ஆகியவை உங்களைப் போன்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆனால் எல்லோருக்கும் அல்ல என்பதால் முதற் குளிசையை விடுதியில் வைத்தே போட வேண்டும். ‘அரைக் குளிசையை வீட்டில் போட்டுப் பார்ப்போம்’ என்பதும், ‘முதலில் ஒரு பிரிட்டனைப் போட்டுவிட்டு நோவுக் குளிசையைப் போட்டால் ஒன்றும் செய்யாது’ என்பதும் ஊரில் நிலவும் இரண்டு ஆபத்தான யோசனைகள். இரண்டையும் செய்ய வேண்டாம்.

பனடோலைப் பற்றிய உங்கள் பயம் பாதி நியாயமானது. பனடோலில் உள்ள பரசிட்டமோலும் அந்த நொதியத்தை மறிக்கும், ஆனால் மிகப் பலவீனமாக. அதனால் 500 மில்லிகிராம், அதாவது ஒரு குளிசை, உங்கள் வகையினரில் அநேகமானோருக்கு ஒன்றும் செய்வதில்லை. 1000 மில்லிகிராமை ஒரே தடவையில் எடுக்கும்போது சிலருக்குத் தடிப்போ இழுப்போ வரலாம். இங்கே வளர்ந்தவர்கள் வழக்கமாக இரண்டு பனடோலைச் சேர்த்துப் போடுவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். முன்பு ஒவ்வொன்றாகப் போட்டு ஒன்றும் செய்யவில்லை என்பது நல்ல செய்தி. மெபெனமிக் அசிட் சம்பவத்துக்குப் பின்னரும் அப்படிப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணித்தியால இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாகப் போடுவதை விடுதியில் பார்த்துக்கொண்ட பின் தீர்மானிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது பரசிட்டமோல் தவிர்ந்த நோவுக் குளிசைகள் எவருக்குமே ஆகாது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

பல் பிடுங்குவதைத் தள்ளிப்போடக் காரணமில்லை. விறைக்கப் போடும் லிக்னோகெயின் ஊசிக்கும் நோவுக் குளிசைக்கும் தொடர்பில்லை. பிடுங்கிய பின் வரும் நோவுக்கு என்ன தருவது என்பதை நாற்காலியில் ஏறுமுன்பே பல் வைத்தியரிடம் பேசிவிடுங்கள். கோடீன் கலந்த குளிசைகள் வேறு வழியில் வேலை செய்பவை. என்றாலும் கோடீன் தானாகவே மாஸ்ட் கலங்களைத் தூண்டித் தடிப்பைக் கொண்டுவரக்கூடியது என்பதால், தடிப்பு வரும் இயல்புள்ளவர்களுக்கு அதை நான் முதலில் தேர்ந்தெடுப்பதில்லை.

மருந்தின் வணிகப் பெயரை நம்பவேண்டாம். ஒரே டிக்ளோபினாக் பல பெயர்களில், ஊசியாகவும் மலவாயிலில் வைக்கும் மருந்தாகவும் பூசும் ஜெல்லாகவும் வருகிறது. பரசிட்டமோலோடு சேர்த்து ஒரே குளிசையாகவும் வருகிறது. ‘1 × 3, சாப்பாட்டுக்குப் பின்’ என்று மட்டும் எழுதிய சிறிய வெள்ளைக் கடதாசி உறையில் குளிசை தந்தால், மருந்தின் பெயரையும் அதில் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று பொதுவாக இருந்தால் அது போதாது. டிக்ளோபினாக், மெபெனமிக் அசிட் என்ற இரண்டு பெயர்களையும், எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்பதையும், அமொக்சிசிலின் இன்னும் சந்தேகத்தில் இருப்பதையும் ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இருதய நோய்க்கு 75 மில்லிகிராம் அஸ்பிரின் தேவைப்படும் நிலை வந்தால், இந்த அட்டையைக் கண்டு எவரும் கையை விரிக்க வேண்டியதில்லை. படிப்படியாக உடம்பைப் பழக்கி அஸ்பிரினைக் கொடுக்கும் முறை உண்டு. எப்போதாவது வீக்கத்தோடு மூச்சு முட்டினாலோ, குரல் அடைத்தாலோ, தலை சுற்றி விழப்பார்த்தாலோ 1990க்கு அழையுங்கள். அந்த நேரத்துக்குரிய முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, பிரிட்டன் அல்ல.

உங்கள் கடிதத்தில் இல்லாத மூன்று விபரங்கள் எனக்குத் தேவைப்படுகின்றன. உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் தேவைப்படும். தொய்வு இருக்கிறதா? நீண்டகாலப் பீனிசமோ, மூக்கினுள் சதை வளர்ச்சியோ, மணம் தெரியாமற் போவதோ உண்டா? குளிசை எதுவும் போடாத நாட்களிலும் தோல் அடிக்கடி தடிக்கிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் அடுத்த எதிர்வினை தோலோடு நிற்காமல் நெஞ்சைப் பிடிக்கக்கூடும், அப்போது மேலே சொன்ன விடுதிப் பரிசோதனைக்கான ஆயத்தமும் மாறும். மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் முதலில் அந்தத் தடிப்புக்கே சிகிச்சை செய்ய வேண்டும். குளிசை அதைத் தூண்டிவிட்டிருக்கிறது என்று பொருள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்க்கு இருப்பதால் மகளுக்கு இந்த மருந்துகளை விலக்கவோ, அவளுடைய இரத்தத்தைப் பரிசோதிக்கவோ காரணமில்லை. மாதவிடாய் நோவுக்கு அவள் ஏற்கெனவே மெபெனமிக் அசிட் போட்டு, அது ஒத்துக்கொண்டு வருகிறதென்றால், அப்படியே தொடரட்டும்.